ஒரு பாட்டை மூன்று முறை பார்ப்பது எப்படி

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பாமணியாற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினைந்து இருபது பெண்கள் கூடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள், தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், இரண்டு பாட்டிகள். ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கிறோம். அதில் பெண்ணை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பேசுகிறோம். பக்கத்து ஊர்களில் இதைத் தொடங்க நினைக்கும் சிலர் எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

இது தொடங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பெண் குழந்தைகள் ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடினார்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரியவர்கள். அசைவுகளைச் சொல்லிக் கொடுத்தவர் பெரியவர். பாவாடையின் நீளத்தை முடிவு செய்ததும் பெரியவர்கள். முன்வரிசையில் விசில் அடித்தவர்களும் பெரியவர்கள். மறுநாள் ஊரில் பேச்சு எழுந்தபோது மட்டும், "அந்தப் பெண் இடுப்பை ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்தீர்களா" என்று எல்லாப் பழியும் ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தலையில் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் கூட்டத்தை நான் கெடுத்தேன். எனக்கே பிடிக்காத ஒரு பாட்டைப் போட்டு, இது எவ்வளவு கேவலம் பாருங்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு ஆடும்போதுதான் நான் யாருக்கும் பயப்படாதவளாக இருக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். ஆகவே என் முதல் சொல் இதுதான்: பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். வருகிறவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் விரும்பிக் கேட்கிற பாட்டாக இருக்கட்டும். பிடிக்காத பாட்டைத் திட்டுவதால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பிடித்த பாட்டுக்குள் உறுத்துவது எது என்று தேடும்போதுதான் பேச்சில் உண்மை வருகிறது.

ஏற்பாடுகள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, பாட்டை ஏற்றிய பென்டிரைவ், ஒரு கரும்பலகை. தொடர் நாடக நேரத்தில் வைக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். சம்பா நடவு நடக்கும் வாரங்களில் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் குனிந்து நட்ட முதுகோடு வந்து உட்காரச் சொல்வது நியாயமில்லை. முதல் இரண்டு மாதம் பெண்கள் மட்டும் இருப்பது நல்லது.

மூன்று சொற்களை முதல் அரை மணி நேரத்துக்குத் தள்ளி வையுங்கள்: ஆபாசம், கவர்ச்சி, குடும்பப் பெண். நான் அவற்றைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வட்டம் போட்டு விடுவேன். ஆபாசம் என்ற சொல் பார்க்கிறவரின் கூச்சத்தைச் சொல்கிறது. படத்தில் இருக்கிறவளுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கவர்ச்சி என்ற சொல் அதைவிட மோசமான வேலை செய்கிறது. 'கவர்ச்சி நடனம்' என்று பத்திரிகையில் படிக்கும்போது, கவர்வது அவள், கவரப்பட்டவர் பாவம் என்று ஆகிவிடுகிறது. ஷாட்டை வைத்தவன், ஒளியைக் கூட்டியவன், பணம் போட்டவன் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். குடும்பப் பெண் என்ற சொல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு விதியும் உண்டு, அது கூட்டம் முடியும் வரை தளராது: ஆடுகிற பெண்ணின் நடத்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

இனி மூன்று முறை பார்ப்பது.

முதல் முறை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். தாளம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகாதபோது கண்ணுக்கு வேறு காட்சி தெரிகிறது. 1990-இல் சட் ஜாலி என்ற பேராசிரியர் அமெரிக்காவில் இதைத்தான் செய்தார். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் வந்த காட்சிகளை வெட்டி எடுத்து, பாட்டை நீக்கி, தன் விளக்கத்தைச் சேர்த்து ஒரு படமாகத் தன் மாணவர்களுக்குக் காட்டினார். வழக்குப் போடுவோம் என்று அந்த நிறுவனம் மிரட்டும் அளவுக்கு அது உறைத்தது. எங்கள் கூடத்தில் ஒலி இல்லாமல் முதல் பாட்டு ஓடியபோது யாரும் பேசவில்லை. பாதியில் தையல்காரப் பெண் மட்டும், "இந்த ரவிக்கையில் கையைத் தூக்கவே முடியாது. தூக்கினால் கிழியும். பின்னால் ஊக்குக் குத்தித்தான் நிறுத்தியிருப்பார்கள்" என்றாள். அவள் சொன்ன பிறகு, நாயகன் முழுக்கைச் சட்டையும் காலணியுமாகத் துள்ளுவதும், இவள் வெறுங்காலோடு, கையை உடம்போடு ஒட்டியே ஆடுவதும் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாம் முறை பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, கேட்க மட்டும் செய்யுங்கள். வரிகளைப் பலகையில் எழுதுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அவளுக்கு என்ன வேண்டும் என்று வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் வகுப்பு நடத்தியவர்களுக்கு இது எளிது. கூற்று யாருடையது என்று கேட்பதுதான். பல பாட்டுகளில் பெண் குரல் பாடினாலும் கூற்று ஆணுடையதாக இருக்கும். 'என்னை எடுத்துக்கொள்' என்று அவள் பாடுவாள்; எனக்கு நீ வேண்டும் என்று பாடமாட்டாள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு நாள் முழுவதும் பேசலாம்.

மூன்றாம் முறைக்குப் புளியங்கொட்டை வேண்டும். இரண்டு கிண்ணம் வையுங்கள், ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. தலை இல்லாமல் உடம்பின் ஒரு பகுதி மட்டும் தெரியும் ஷாட் வரும்போதெல்லாம் அவரவர் கிண்ணத்தில் ஒரு கொட்டை. பித்தளைக் கிண்ணமாக இருந்தால் நல்லது. விழுகிற சத்தம் கேட்க வேண்டும். எங்கள் முதல் எண்ணிக்கையில் அவளுடைய கிண்ணம் பாதி நிறைந்தது. அவனுடையதில் இரண்டே கொட்டை. அதுவும் அவன் காலணியும் கைக்கடிகாரமும். ஆண் பார்ப்பதற்கென்றே கேமரா பெண்ணை அடுக்குகிறது என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரையை அதன்பிறகு சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் பாடம் என்று நினைத்திருப்பார்கள். கொட்டைகள் விழுந்த பிறகு சொன்னதால், "அந்த அம்மாவும் எண்ணிப் பார்த்திருப்பார்கள் போல" என்றார் ஒரு பாட்டி.

பிறகுதான் கேள்விகள். மார்த்தா நுஸ்பாம் என்ற தத்துவப் பேராசிரியர் 1995-இல் எழுதிய கட்டுரையில், ஒரு மனிதரைப் பொருளாக நடத்துவதற்கு ஏழு அடையாளங்களைச் சொல்கிறார். பின்னால் ரே லாங்டன் என்ற இன்னொரு தத்துவப் பேராசிரியர் இன்னும் மூன்றைச் சேர்த்தார். பத்தையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். எங்களுக்கு மிகவும் பயன்பட்டவை சில. அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தினால் பாட்டு மாறுமா? அவள் தானாக ஏதாவது செய்கிறாளா, அல்லது அவள்மீது செய்யப்படுகிறதா? அவள் யாருக்கோ சொந்தம் என்று வரி சொல்கிறதா? அவள் வாயைத் திறந்து எதையாவது மறுக்கிறாளா? முதல் கேள்வி கத்திமாதிரி வெட்டும். நாயகியை மாற்றினால் பாட்டு மாறும் என்று சொன்ன பெண்களே, பின்வரிசையில் ஆடும் இருபது பேரை மாற்றினால் யாருக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே நான் அவர்களைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போவேன். தஞ்சாவூர்க் கோயில் கல்வெட்டில் இராசராசன் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்கள், நானூறு பேருடைய பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல் என்று ஒருத்தி விடாமல் வெட்டியிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையை நான் உயர்த்திப் பேசவில்லை. ஊர்விட்டு ஊர் வர அவர்களிடம் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கல்லில் வெட்ட முடிந்த பெயரை, பார்வை கோடிக்கணக்கில் போகும் பாட்டின் கீழே எழுத்தில் போட ஏன் முடியவில்லை? ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த வேலையைச் செய்யுங்கள்: எழுதியவர், இசை, நடன அமைப்பு, இயக்கம், தயாரிப்பு, குழுவில் ஆடியவர்கள். பெயர் கிடைக்கும் இடம், கிடைக்காத இடம் இரண்டையும் பலகையில் எழுதுங்கள். நடனம் அமைத்தவரோ இயக்கியவரோ பெண்ணாக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பெண் பின்னால் நின்றாலும் கேமரா பழைய கண்ணோடு பார்க்கலாம்.

இவ்வளவு ஆன பிறகு விவாதத்துக்கு வாருங்கள். பெண்ணியவாதிகள் எல்லோரும் ஒரே பக்கம் என்ற நினைப்பை முதலில் உடைக்க வேண்டும். அமெரிக்கப் பாடகி மடோனாவின் ஒரு காணொளியை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தபோது, 1990 டிசம்பரில் கமீல் பாலியா என்ற பேராசிரியர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: மடோனாதான் உண்மையான பெண்ணியவாதி, தன் உடலின் கவர்ச்சியைத் தானே ஆள்கிறவள். இரண்டு ஆண்டு கழித்து பெல் ஹூக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் அதே மடோனாவைக் கறுப்பினப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்து எழுதினார்: கறுப்பர்களின் பண்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வெள்ளைப் பெண்ணுக்குக் கிடைக்கும் துணிச்சல் என்ற பட்டம், அதையே செய்யும் கறுப்புப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. எங்கள் கூடத்தில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. நாயகி ஆடினால் நட்சத்திரம். அதே பாட்டுக்கு ஆடல் பாடல் மேடையில் ஆடுகிற பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் வேறு. அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, அவரவர் நம்பாத பக்கத்துக்காக வாதாடச் சொல்லுங்கள். அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சண்டை நல்ல களம். மைலி சைரஸ் என்ற அமெரிக்கப் பாடகி, தான் ஆடையில்லாமல் இரும்புக் குண்டில் ஊஞ்சலாடிய காணொளிக்கு, அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரின் பழைய காணொளி ஒன்று தூண்டுதல் என்று சொல்லியிருந்தார். ஷினேட் அந்த அக்டோபரில் வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்: இசைத் தொழில் உன்னை விற்றுக் காசாக்குகிறது, அதை உன் விருப்பம் என்று உன்னையே நம்பவைக்கிறது. தூண்டுதலாகச் சொல்லப்பட்ட 1990-ஆம் ஆண்டுக் காணொளியை நாங்கள் போட்டுப் பார்த்தோம். பெரும்பகுதி ஒரே முகம், கடைசியில் கண்ணீர். எங்கள் புளியங்கொட்டைகள் கிட்டத்தட்ட அப்படியே தட்டில் கிடந்தன. தொழிலைப் பற்றி ஷினேட் சொன்னது முழுக்கச் சரி என்பது என் எண்ணம். ஆனால் இருபது வயதுப் பெண்ணிடம் தனியே சொல்ல வேண்டியதை உலகம் பார்க்கச் சொன்னதால், அது தெருவில் நிறுத்தித் திட்டியதாக ஆனது. தொழில் தப்பித்துக்கொண்டது. இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள் என்பதே செய்தியாக நின்றது. அடுத்த ஆண்டு கறுப்பினப் பாடகி பியான்சே, நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் உரை ஒலிக்க, பெண்ணியவாதி என்ற பெரிய ஒளியெழுத்துக்கு முன்னால் நின்றார். அந்த ஆண்டிலேயே பெல் ஹூக்ஸ் அவருடைய படிமத்தைக் கடுமையாகச் சாடியிருந்தார். நம் பெண்கள் இதில் எந்தப் பக்கம் நின்றாலும் நிற்கட்டும். முடிவு கேட்டு நெருக்காதீர்கள்.

நான் தவறாமல் சொல்லும் கதை ஸ்பெல்மன் கல்லூரியுடையது. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி அது. 2004-இல் நெல்லி என்ற ராப் பாடகரின் அறக்கட்டளை அங்கே எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைப் பதிவு செய்யும் முகாம் நடத்த இருந்தது. அவருடைய காணொளி ஒன்றில் ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்க்கும் காட்சி உண்டு. முகாம் நடக்கட்டும், அந்தக் காட்சியைப் பற்றியும் எங்களோடு பேசுங்கள் என்று மாணவிகள் கேட்டார்கள். அறக்கட்டளை விலகிக்கொண்டது. நம் இனத்துப் பையனை நாமே குறை சொல்வதா என்ற பேச்சையும் அந்த மாணவிகள் கேட்க வேண்டியிருந்தது. இந்தக் கதையைச் சொன்ன நாளில்தான் எங்கள் பெண்களில் ஒருத்தி நெடுநாள் மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னாள்: "அந்தப் பாட்டைப் பாடியவன் எங்கள் தெருப் பையன்களைப் போன்றவன் டீச்சர். அவன் வரி எனக்கு வலிக்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்தால், எங்கள் தெருவையே கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு அது வசதியாகிவிடும்." இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. அப்படிப்பட்ட பாட்டை எடுக்கும் வாரத்தில், பெரிய வீட்டுப் பிள்ளைகள் கொண்டாடும் பாட்டு ஒன்றையும் சேர்த்தே எடுக்கிறோம். இரண்டுக்கும் அதே கிண்ணம், அதே எண்ணிக்கை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று யாராவது சொன்னால், நம் ஆற்றங்கரையிலேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது என்று சொல்லுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி, ராதையின் ஆசையைத் தெலுங்கில் காவியமாகப் பாடினார். பெரிய சீர்திருத்தவாதியான வீரேசலிங்கம் அதைப் பழித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அந்த நூலை முழுமையாகப் பதிப்பித்து, நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று கேட்டார். ஆங்கிலேய அரசு ஆபாசம் என்று தடை போட்டது. தடை நீங்க 1947 ஆயிற்று. திருவையாற்றில் தியாகராசர் சமாதியைக் கட்டியவர் அதே அம்மையார். சட்டத்தைக் கையில் எடுக்கத் துடிக்கும் பெண்களுக்கு இந்தக் கதை தேவை. பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்க 1986-இல் வந்த சட்டம் நமக்கு இருக்கிறது, அது தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் ஆபாசம் என்ற தடிக்கம்பு ஒரு பெண் தன் ஆசையைத் தானே எழுதிய நூலின்மேலும் விழுந்திருக்கிறது.

மறுபக்கமும் இதே மண்தான். மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறைக்குள்ளிருந்தே வந்து, 1936-இல் எழுதிய நாவலில், ஆடலுக்கும் பாடலுக்கும் பின்னால் பெண்ணை விற்கும் ஏற்பாட்டைத் தோலுரித்தார். ருக்மிணி தேவி, தேவதாசிகள் ஆடிய சதிரிலிருந்து சிருங்காரத்தை, அதாவது காதல் சுவையை, குறைத்து மேடைக்கு ஏற்றினார். தஞ்சாவூர் அரசவை ஆடல் மரபில் வந்த பாலசரசுவதியோ சிருங்காரமே பரதத்தின் உச்சம் என்று கடைசி வரை நின்றார். நாகரத்தினம்மாளோடு சேர்த்து இந்த நால்வரையும் பலகையில் எழுதி, நம் பாட்டுக்கு இவர்கள் ஒவ்வொருவரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேளுங்கள். நானே முதலில் மூவலூராரின் பக்கம் மட்டும் நின்றவள். இப்போது நாகரத்தினம்மாளின் கேள்வியையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். ஆசை அவளுடையதா, ஏற்பாடு யாருடையது என்று இரண்டையும் கேட்காமல் என்னால் ஒரு பாட்டையும் பார்க்க முடிவதில்லை.

ஒரு நாள் நீங்கள் எதிர்பார்க்காதது நடக்கும். அன்று திட்டத்தை மூடி வைத்துவிடுங்கள். எங்கள் கூட்டத்துக்கு ஓர் அம்மா ஆறு மாதம் பேசாமலே வந்துகொண்டிருந்தார். ஒரு மாலை, "நான் ஆடல் பாடல் குழுவில் எட்டு வருடம் ஆடியிருக்கிறேன்" என்றார். ஆட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. விளக்கு முகத்தில் விழும்போது தன் ஊர்க் கடன் எதுவும் நினைவுக்கு வராது என்றார். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அன்பளிப்பு கொடுக்க மேடை ஏறும் கைதான் பிடிக்காது. நோட்டைக் குத்துகிற சாக்கில் அந்தக் கை எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்துங்கள் என்று ஒலிவாங்கியில் சொன்னவர் ஒருவரும் இல்லை. "காலையில் வேன் ஏறும்போது அதே ஆட்கள் டீக்கடையில் நின்று காறித் துப்புவார்கள். அதற்குத்தான் அழுவேன்" என்றார். அன்று நாங்கள் எந்தப் பாட்டையும் போடவில்லை. அடுத்த வாரம் முதல் கேள்விப் பட்டியலில் அவர் சொன்ன ஒன்றைச் சேர்த்தோம்: நிறுத்து என்று சொல்ல அவளுக்கு அங்கே வழி இருந்ததா?

பையன்களை அழைக்கும் வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கொட்டை போடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். நாங்கள் எதையும் விளக்கவில்லை. கிண்ணம் நிறைய நிறைய அவர்களே அமைதியானார்கள்.

கடைசிக் கால் மணி நேரம் கூட்டத்தில் இருக்கும் ஒருவருடைய சொந்தப் பாட்டுக்கு. எங்கள் பாட்டிகளில் ஒருவர் நடவு வயலில் பாடியதைப் பாடுவார். கட்டிக்கொள்ளாமல் ஏமாற்றிய மச்சானின் மார்பையும் தொடையையும் வருணித்து, அவன் வராத இரவைச் சொல்லி, வரி வரியாக ஏறும் அந்தப் பாட்டைக் கேட்டுக் கல்லூரிப் பெண்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். அதை நாங்கள் அலசுவதில்லை. ஒருத்தி ஒரு நாள், "கைபேசியில் எடுத்துக்கொள்ளட்டுமா பாட்டி?" என்று கேட்டாள். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "குரலை எடுத்துக்கொள். மூஞ்சி வேண்டாம்" என்றார். கைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்தோம்.